அடுத்த மதிலை வரையக் கொடுக்கும் முன்

யாழ்ப்பாண மாநகர முதல்வர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், ஆணையாளருக்கும், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கலாசார மையத்தை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நகரை அழகுபடுத்தும் வேலை தொடங்கினால் முதலில் மதிலுக்கு வெள்ளை அடிப்பீர்கள். ஒரு கிழமைக்குள் அந்த வெள்ளையில் பனைமரம் முளைத்துவிடும். பக்கத்தில் நல்லூர்க் கோபுரம், குதிரையில் பழைய யாழ்ப்பாண அரசன் சங்கிலியன், ஒரு யாழ், காவடி, கையில் விளக்கோடு ஒரு பெண். அந்தப் பெண்ணை நான் எத்தனையோ மதில்களில் சந்தித்துவிட்டேன். அவளுக்கு வயதும் போவதில்லை, சீலையும் மாறுவதில்லை.

வரைந்தவர்களில் எனக்குக் குறை இல்லை. 2019 டிசம்பரில் நாடு முழுக்க இளைஞர்கள் மதில்களில் வரையத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் வெயிலில் நின்று வரைந்தார்கள். மதில் கிடைத்தால் அதில் எதை வரையலாம் என்று அவர்களோடு யாரும் இருந்து கதைக்கவில்லை. சித்திரம் படிப்பிக்கும் நாங்களும் கதைக்கவில்லை, மதிலைத் தந்தவர்களும் கதைக்கவில்லை. பனை என்றால் ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், அனுமதி சுலபமாகக் கிடைக்கும். அதனால் பனை.

இந்தியாவில் சுதிர் பட்வர்தன் என்றொரு ஓவியர் இருக்கிறார். அவருடைய படங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கலாசார மையத்துக்கு உள்ளே மட்டும் வைத்து முடித்துவிடாமல் பஸ் நிலையத்திலும், சந்தையிலும், பெரியாஸ்பத்திரியில் சனம் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் இடத்துக்குக் கிட்டவும் வையுங்கள். அடுத்த மதிலை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்ற முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.

பட்வர்தன் ஒரு டொக்டர். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் டொக்டர் என்று சொன்னால்தான் மிச்சத்தையும் பொறுமையாகக் கேட்பார்கள். 1949இல் பூனேயில் பிறந்தவர். 1972இல் அங்குள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார், அடுத்த வருடம் மும்பைக்கு வந்தார். 1975 முதல் 2005 வரை, முப்பது வருடம், மும்பையை ஒட்டிய தாணே நகரில் எக்ஸ்ரே பார்க்கும் கதிரியக்க வைத்தியராக வேலை செய்தார். ஓவியக் கல்லூரியில் படித்தவர் அல்லர், தானாகவே பழகிக்கொண்டவர். தொழிலை விட்டு முழுநேரமும் வரையத் தொடங்கியது 2005க்குப் பிறகுதான். அதற்குள் இந்திய ஓவியத்தில் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

பகல் முழுக்க மனிதர்களின் எலும்பையும் நெஞ்சுக்கூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே மனிதர்களை உடுப்போடும் களைப்போடும் வரைகிறவரை யோசித்துப் பாருங்கள். அவர் வரையும் ஆட்களின் உடம்புக்குப் பாரம் இருக்கிறது. தோள்மூட்டு எங்கே இறங்குகிறது, பையைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் எப்படிச் சரிகிறது என்று தெரிந்து வரைந்த உடம்புகள் அவை. 1977இல் வரைந்த ஒரு படத்தில் ஈரானியர் தேநீர்க்கடையில் ஓர் ஆள் மேசைக்கு முன்னால் இருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். 1980இல் வரைந்த இன்னொன்றில் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் சனம். இரண்டிலும் கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவரும் கையை உயர்த்திக் கோஷம் போடவில்லை, ஒருவரும் அழவுமில்லை. இத்தனைக்கும் அவர் இடதுசாரி நம்பிக்கையோடு வரைய வந்தவர். சுவரொட்டிக்கு ஏற்ற தொழிலாளியை வரைவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வரைந்தது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காத்திருக்கிற தொழிலாளியை.

நான் இவற்றின் அசல்களைப் பார்த்ததில்லை. புத்தகத்திலும் கணினித் திரையிலும் பார்த்ததுதான். அதை வைத்துக்கொண்டே ஒன்று சொல்லலாம்: எல்லாமே எனக்குப் பிடிக்காது. பெரிய அளவில் வரைந்த சில நகரக் காட்சிகளில் சனமும் கட்டடமும் கூடிப்போய், எந்த முகத்தில் நிற்பது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் 2001இல் வரைந்த லோயர் பரேல் படத்தில் அந்த நெரிசலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது மும்பையின் பஞ்சாலைப் பகுதி. 1982 ஜனவரியில் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 250,000 தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஆலை நின்ற நிலத்தில் மாடிக் கட்டடங்களும் பெரிய அங்காடிகளும் எழுந்தன. பழைய புகைக்கூண்டும் புதிய கட்டடமும் ஒரே சட்டகத்துக்குள் நிற்க, கீழே சனம் வழக்கம்போல் போய்வருகிறது. வேலை போன ஊரில் வேலைக்குப் போகிறவர்கள்.

காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950இல் தொடங்கியது, 1990இல் போரோடு நின்றுபோனது. அதில் வேலை செய்து வீடு கட்டிய, பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் குடாநாடு முழுக்க இருக்கின்றன. அந்தத் தொழிலாளி ஒருவர் சீமெந்துத் தூசியோடு வீடு திரும்பும் ஒரு படத்தை யாழ்ப்பாணத்து மதில் எதிலும் நான் கண்டதில்லை. நீங்கள் கண்டிருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன்.

இது எங்கள் ஓவியர்களின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. 1981இல் பட்வர்தனும், புபேன் கக்கர், குலாம்முகமது ஷேக், ஜோகன் சௌத்ரி, நளினி மலானி, விவான் சுந்தரம் ஆகிய ஐவரும் சேர்ந்து மும்பையிலும் டில்லியிலும் 'பிளேஸ் ஃபோர் பீப்பிள்' என்றொரு காட்சி வைத்தார்கள். கோடும் வர்ணமும் மட்டுமே போதும் என்றிருந்த அரூப ஓவியத்தின் செல்வாக்குக்கு நடுவில், மனித உருவத்தையும் அது வாழும் இடத்தையும் திரும்பப் படத்துக்குள் கொண்டுவந்த காட்சி அது. அதே 1981இல், யூன் முதலாம் திகதி விடிந்தபோது எங்கள் பொது நூலகம் எரிந்து கிடந்தது, 97,000 நூல்களோடு. ஓர் ஊரை அதன் அடையாளத்துக்காக அடிக்கும்போது, அந்த ஊர் அடையாளங்களைத்தான் இறுக்கிப் பிடிக்கும். கோபுரமும் பனையும் யாழும் எங்கள் மதில்களில் இத்தனை அழுத்தமாக வந்து நிற்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். அதை நான் மறக்கவில்லை. அந்த அடையாளங்களுக்கு முன்னால் நின்று செல்பி எடுக்கும் பிள்ளைகளுக்கு, அவற்றுக்குக் கீழே கழிவுநீர்க் கான் துப்புரவாக்குகிறவரும் இந்த ஊரின் ஆள்தான் என்று காட்ட ஒரு படமும் இல்லை என்பதுதான் என் கவலை.

கான் துப்புரவாக்குகிறவர் என்று சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. அவர்கள் உங்கள் சபையின் ஊழியர்கள். விடியப்புறம் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள் திறப்பதற்கு முன்னமே வந்து கூட்டிவிட்டுப் போகிறவர்கள். திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதியைச் சனம் கலைந்த கையோடு மீண்டும் நடக்கக்கூடிய வீதியாக்குகிறவர்கள். இந்த நகரத்தை இவர்களைப்போல வீதி வீதியாகத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. இவர்களை வரைந்தால் நகரத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று யாராவது முணுமுணுப்பார்கள். எந்த வார்த்தையில் முணுமுணுப்பார்கள், அதற்குப் பின்னால் எந்தப் பழைய கணக்கு இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு படம் அந்தக் கணக்கைத் தீர்க்காது. அந்த முணுமுணுப்பை வெளியில் கேட்கிற மாதிரிச் சொல்ல வைத்தாலே ஒரு வேலை ஆனதுதான்.

வரைய எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் காலை ஏழரைக்கு பஸ் நிலையத்துக்கு வரட்டும். பருத்தித்துறைக்குப் போகும் 750ஆம் இலக்க வழியில் யார் முதலில் சனத்தை ஏற்றுவது என்று அரச பஸ் ஓட்டும் இ.போ.ச. காரரும் தனியார் மினிபஸ் காரரும் பிடிக்கும் சண்டை. ஒரே வெள்ளைச் சீருடையில் வேறு வேறு பள்ளிக்கூடப் பிள்ளைகள். கழுத்து ரையைப் பார்த்தால்தான் எது எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும். கச்சான் கடலை விற்கிற அம்மா சுருளுக்கு உரிய கடதாசியை முதலே மடித்து அடுக்கி வைத்துக்கொண்டிருப்பார். தீவுப் பக்கத்திலிருந்து முதல் வள்ளம் பிடித்து, குறிகட்டுவானில் பஸ் ஏறி, கிளினிக்குக்கு வந்து இறங்குகிற வயதானவர்கள் கையில் பெரிய கபில நிற உறை ஒன்று இருக்கும். அதற்குள் எக்ஸ்ரே. மடியாமல் இருக்க நெஞ்சோடு அணைத்தபடி வருவார்கள். பட்வர்தன் இங்கே பிறந்திருந்தால் அந்த உறையை விட்டிருக்க மாட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கொஞ்சம் தள்ளிப்போனால் புடவைக் கடைகள். அங்கே வேலை செய்யும் பெட்டைகள் ஒன்பது மணிக்கு நிற்கத் தொடங்கினால் கடை பூட்டும்வரை நிற்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு காலை மற்றக் காலின் பின்னால் வைத்து, மேசையில் இடுப்பைச் சாய்த்து, முதலாளி பார்த்தால் உடனே நிமிர்ந்துவிடக்கூடிய ஒரு சாய்வு சாய்வார்கள். அந்தச் சாய்வை வரைய ஒருவர் அங்கே பலமுறை போய் நிற்கவேண்டும். மதில் பெண்ணை வரைய அது தேவையில்லை, போனில் ஒரு படம் இருந்தால் போதும்.

போய் நிற்பதில்தான் அடுத்த சிக்கல். அதை நீங்கள் மட்டும்தான் தீர்க்கலாம். என் மாணவி ஒருத்தி, க.பொ.த. உயர்தரத்துக்குச் சித்திரம் எடுத்தவள், ஒரு சந்தியில் நின்று கொப்பியில் ஓட்டோத் தரிப்பிடத்தை வரைந்துகொண்டிருந்தாள். பத்து நிமிடத்துக்குள் சுற்றிவரச் சனம். யார் அனுப்பியது, எந்த இயக்கம், எந்த என்.ஜி.ஓ., படத்தை யாருக்குக் கொடுக்கப்போகிறாய் என்று கேள்விகள். அவள் கொப்பியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டவர்களை நான் பிழை சொல்லமாட்டேன். ஒருவர் நின்று உங்களைப் பார்த்துப் பார்த்து எதையோ குறித்தால் அதன் அர்த்தம் என்ன என்பதைப் பல வருடங்களாக இந்த ஊருக்கு வேறு விதமாகப் படிப்பித்திருக்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு நின்று, தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மும்பையில் ரயில் பெட்டிக்குள் ஓர் ஓவியர் சனத்தை உற்றுப் பார்ப்பதும், யாழ்ப்பாணத்தில் ஒருவர் உற்றுப் பார்ப்பதும் ஒன்றல்ல.

ஆகவே ஒரு சின்ன உதவி. சபையின் முத்திரை வைத்த ஓர் அடையாளக் கடிதம் தாருங்கள். "இவர் மாநகர எல்லைக்குள் பொது இடங்களில் சித்திரம் பழகுகிறார்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குக் கொடுங்கள். அதோடு பஸ் நிலையத்தில் ஒரு மூலையில் மாதத்தில் ஒரு நாள், எல்லோரும் பார்க்கும்படி, பிள்ளைகள் கூட்டமாக இருந்து வரையட்டும். வரைந்ததை அங்கேயே ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடட்டும். தன்னை வரைந்த தாளைக் கச்சான் அம்மா பார்த்து, "மூக்கு எனக்கு இவ்வளவு பெரிசோ" என்று பேசத் தொடங்கினால் சந்தேகம் அந்த இடத்திலேயே போய்விடும். வேண்டாம் என்கிறவரை வரையக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது எங்கள் பொறுப்பு.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் இரண்டு வரி. "சந்தை" என்று தலைப்புக் கொடுத்தால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் உதிக்கும் சூரியன், கீழே ஓலைக் கொட்டில் என்று தொடங்குவார்கள். குடாநாட்டில் மலையே கிடையாது. அந்தப் பிள்ளைகள் ரியூசனுக்குப் போகும் வழியில் நாளாந்தம் இங்குள்ள திருநெல்வேலிச் சந்தையைக் கடக்கிறார்கள். கடந்தும், படம் என்றால் அதில் மலை இருக்கவேண்டும் என்று எங்கிருந்தோ படித்துவிட்டார்கள். மதிலில் இருப்பதும் ஏறக்குறைய அந்த மலைதான், பனை வடிவத்தில்.

"யாழ்ப்பாணத்தைப் பார்க்க மும்பைப் படம் எதற்கு?" என்று சபையில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எங்கள் மண்ணிலேயே ஓவியர்கள் இருக்கிறார்கள், இருந்தார்கள். குருநகரில் பிறந்த மாற்கு மாஸ்டர் எத்தனையோ பேருக்குச் சித்திரம் கற்பித்தார். அவருடைய படைப்புகளில் பல போரில் அழிந்துபோயின. 2004இல் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' காட்சியில் ஓவியர் தா. சனாதனன், குடும்பங்களிடமிருந்து வீடுவீடாகச் சேகரித்த சாதாரணப் பொருட்களை வைத்தே ஒரு படைப்பைச் செய்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும் சின்னச் சாமான்களைக் கொண்டு எங்கள் வரலாற்றைச் சொல்லலாம் என்பதை நாங்கள் எங்கள் நூலகத்துக்குள்ளேயே கண்டிருக்கிறோம். ஆகவே பட்வர்தன் வந்து எங்களுக்கு எழுத்தறிவிக்கப் போகிறார் என்று நான் சொல்லவில்லை. இழந்ததை, உடைந்ததை, நினைவை வரைவதில் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி அதிகம். இன்றைக்கு, இந்த நிமிடத்தில், ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் பஸ்ஸுக்கு நிற்கிறவரை வரைவதில் அவருக்குப் பயிற்சி அதிகம். அவர் தன் அண்மைக் காலக் காட்சி ஒன்றில் கட்டப்படும் நகரங்களையும் உடைக்கப்படும் நகரங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் அவரிடம் சொல்ல எங்களுக்கும் நிறைய இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நகரத்துப் பெரிய கலரிகளுக்குள் மட்டும் படங்கள் அடைந்து கிடப்பது அவருக்குச் சரிப்படவில்லை. 2008-09 காலத்தில், சமகால இந்திய ஓவியங்களின் ஒரு தொகுதியைச் சேர்த்து, மகாராஷ்டிரத்தின் சிறிய நகரங்களுக்குக் கொண்டுபோகும் ஒரு காட்சியை அவரே முன்னின்று செய்தார். அதில் தன் படத்தை விற்பது நோக்கமாக இருக்கவில்லை, ஓவியம் பார்க்க மும்பைக்கு வரமுடியாதவர்களிடம் போவதுதான் நோக்கம். கொழும்புக்குப் போனால்தான் எதையும் பார்க்கலாம் என்று பழகிய எங்களுக்கு இது புரியாத காரியமா?

வசதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கலாசார மையத்துக்கு 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார், 2023 பெப்ரவரியில் அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. அறுநூறு பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, பதினொரு மாடிக் கோபுரம், இரண்டு தளத்தில் அருங்காட்சியகம், வெளியே பொதுச் சதுக்கம். 2025 ஜனவரியில் அதன் பெயரைப் பற்றி எவ்வளவு கதைத்தோம்! அந்தக் கதையில் பத்தில் ஒரு பங்காவது அதற்குள் எதைக் காட்டுவது என்பதைப் பற்றி நடந்திருக்கலாம். இந்தியாவின் துணைத் தூதரகம் 2010இலிருந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு யூனிலும் யோகா தினம் ஒழுங்காக வருகிறது, நல்ல பரதநாட்டியமும் வருகிறது. இந்த முறை ஓவியம் கேட்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதினால் குறைந்துபோக மாட்டீர்கள்.

அசல்கள் வருவது கஷ்டம் என்பது எனக்கு விளங்குகிறது. காப்புறுதி, போக்குவரத்து, எங்கள் உப்புக்காற்று, ஈரப்பதன், எல்லாம் இருக்கிறது. சில அசல்கள் குளிரூட்டிய அருங்காட்சியகத் தளத்துக்கு வரட்டும். வராவிட்டால், ஓவியரிடம் முறையாக அனுமதி பெற்று, நல்ல தரத்தில் பெரிதாக அச்சிட்ட பிரதிகள் போதும். பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் பிரதிகள்தான் பொருத்தம். அவற்றைத் தொட்டுப் பார்த்தாலும் பயமில்லை. அச்சடிக்கும் காசு பெரிதாகத் தெரிந்தால், அரசியல் தலைவர்களை வரவேற்கும் பதாகைகளுக்கு வருடம் ஒன்றுக்கு என்ன முடிகிறது என்று கணக்கு எடுத்துப் பாருங்கள்.

பதாகை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கையால் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்கள் சிலர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். டிஜிற்றல் அச்சு வந்த பிறகு வேலை இல்லை. மதில் வேலை வந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். ஒரு மதிலை எத்தனை பாகமாகப் பிரிப்பது, தூரத்திலிருந்து பார்த்தால் எந்தக் கோடு நிற்கும், எந்தப் பெயின்ற் இரண்டு மாரி தாங்கும் என்பது பல்கலைக்கழகத்தில் படித்தவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூலியையும் கையில் கொடுங்கள். சான்றிதழும் பொன்னாடையும் மட்டும் போட்டு அனுப்பவேண்டாம்.

காட்சி நடந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். படங்களுக்குக் கீழே விளக்கம் தமிழில், பெரிய எழுத்தில், கண்ணாடி போடாத அம்மாவும் வாசிக்கும்படி இருக்கட்டும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பூட்டவேண்டாம், வேலை விட்டு வருகிறவர்கள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். கட்டணம் வேண்டாம். உங்கள் துப்புரவுப் பகுதி ஊழியர்களுக்கும் புடவைக்கடைப் பிள்ளைகளுக்கும் அரைநாள் லீவு கொடுத்து அழைத்துவர ஏதும் ஒழுங்கு செய்யமுடியுமா என்று வர்த்தக சங்கத்தோடும் கதையுங்கள். திறப்பு விழாவில் விளக்கேற்றுகிறவர்களின் பட்டியல் ஐந்து பேருக்குள் நிற்கட்டும். சிறப்புரை இரண்டுக்கு மேல் போனால் சனம் படத்தைப் பார்க்காமல் வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

கடிதத்தின் முதல் வரைவை எழுதித்தர நானும் என் நண்பர்களும் தயார். சபை அமர்வில் இதை ஒரு பிரேரணையாக எடுக்க யாராவது உறுப்பினர் முன்வந்தால், பட்வர்தனின் படங்கள் சிலவற்றைத் திரையில் போட்டு அரை மணித்தியாலம் விளக்கவும் வருவேன். ஆனி மாதத்துக்கு முன் ஒரு பதில் கிடைத்தால் பாடசாலை விடுமுறைக்குள் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.